நடக்கவிடாத சண்டைகள்

மாலை வகுப்பு முடிந்தாலும் எங்கள் பையன்கள் கிளம்ப மாட்டார்கள். அலியும் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வடசென்னைப் பிள்ளைகள், குத்துச்சண்டை பேசாமல் எப்படி? நானும் உட்கார்ந்துவிடுவேன். என் ஓட்டு எப்போதும் அலிக்குத்தான்.

போன வாரம் சாம் லாங்ஃபோர்டு பெயரைச் சொன்னேன். "அவர் எந்த வருஷம்க்கா சாம்பியன்?" என்றான் ஒருவன். ஆனதே இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு அவரைச் சேர்க்கிறீங்க? தகுதி இருந்தா ஜெயிச்சிருப்பார்ல?"

தகுதி. இந்தச் சொல்லை நாம் வேறு எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும், தோழர்களே.

லாங்ஃபோர்டு கனடாவில் பிறந்த கறுப்பினத்தவர். ஐந்தரை அடியைச் சற்றே தாண்டிய உயரம். தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் வீழ்த்தியவர். ஆனால் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. வெள்ளைச் சாம்பியன் கறுப்பரோடு மோத மறுக்கலாம். மறுத்தாலும் பட்டம் பறிபோகாது. 1915இல் ஜாக் ஜான்சன் தோற்றதிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. 1919 முதல் 1926 வரை ஜாக் டெம்ப்சி சாம்பியன். ஹாரி வில்ஸ் அவருக்காகக் காத்திருந்தே ஓய்ந்துபோனார். வெளியே நிறுத்தப்பட்ட லாங்ஃபோர்டும் வில்ஸும் தங்களுக்குள்ளேயே பதினைந்து தடவைக்கு மேல் அடித்துக்கொண்டார்கள்.

அலியையும் டைசனையும் பிரித்தது காலம். டெம்ப்சியும் வில்ஸும் ஒரே காலம், ஒரே நாடு, ஒரே எடைப்பிரிவு. அவர்களைப் பிரித்தது நிறம். அந்தச் சாம்பியன் பட்டியலை வைத்துக்கொண்டு தகுதியை அளப்பது எப்படி?

இதைச் சொல்லி முடித்ததும் அதே பையன் கேட்டான்: "ஜான்சன் கறுப்பர்தானே? அவராவது லாங்ஃபோர்டுக்குச் சான்ஸ் கொடுத்தாரா?"

கொடுக்கவில்லை. 1906இல் லாங்ஃபோர்டை வென்றிருந்த ஜான்சன், 1908இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபின் அவரோடு மறுபடி மோதவே இல்லை. வெள்ளையரோடு மோதினால்தான் பெரிய பணம். அவர் கணக்கு அவருக்கு.

வீடு திரும்பும்போது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. இடஒதுக்கீட்டில் படித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் நாம் சிலர். தகுதி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டோம். உள்ளே வந்தபின் நாம் யாருக்கு வாய்ப்புக் கொடுத்தோம் என்று அந்தப் பையன் கேட்டால், அதற்கும் பதில் வேண்டும்.