கடப்பா வாரம் கொண்டாடலாமா?

1992-ல் நியூயார்க் ஓட்டல்கள் அந்த வருஷத்தையே விலையாக்கி, 19 டாலர் 92 சென்ட்டுக்கு மதியச் சாப்பாடு போட்டன. 'ரெஸ்டாரன்ட் வீக்' பிறந்த கதை இதுதான். நம்ம தஞ்சாவூர்ப் பக்கமும் ஒண்ணு நடத்தினா என்ன பாஸ்?

மெனு ரெடி! கும்பகோணத்துல இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைச்சுவிட்ட தேங்காய், சோம்பு... ஆஹா! வெளியூர்ல கேட்டா, "ஆந்திராவுல இருக்கே, அந்த ஊரா?"ம்பாங்க. திருவையாறு போனா, அதே பாசிப்பருப்பு நெய்யில் குளிச்சு அசோகா அல்வாவா வந்து நிக்கும்.

ஒரே கண்டிஷன்... டிஸ்கவுன்ட் கேக்காதீங்க. நாலு டேபிள் மெஸ்ஸுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே வேண்டியது கூட்டம்தான். இந்தக் கடைங்க மூடிட்டா, கடப்பாவை எங்கே போய்த் தேடுவீங்க?

கூட்டம் சேர்க்கிற வித்தையும் டெல்டாவுலயே இருக்கு. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல, 2018-ல் மறைந்த 'நெல்' ஜெயராமன் விவசாயிக்கு ரெண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருஷம் அது நாலு கிலோவா திரும்பி வரணும். மாப்பிள்ளைச் சம்பா உட்பட 170-க்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டது இப்படித்தான்.

நமக்கும் அதே ரூல்! இந்த வாரம் ரெண்டு பேரா போங்க. அடுத்த வாரம் நாலு பேரா போங்க. இலை போட்டு வைக்கச் சொல்லட்டுமா?