மழை நாளின் கூலி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு வழியாகப் போகிறவர்கள் இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்திருப்பார்கள். பகல் பதினோரு மணிக்குப் பார்த்தால் அந்த வெளியில் ஆள் நடமாட்டமே தெரியாது. அதற்குள் அன்றைய வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. நெற்றியில் கட்டிய டார்ச் விளக்குகள் மட்டும் வரப்புகளின்மேல் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. கிட்டே போன பிறகுதான் ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஒரு சட்டியும், அதில் சொட்டச் சொட்ட ஈர உப்பும் இருப்பது தெரிந்தது.

பாத்திக்குள் ஆண்கள் இருவர் நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு வாருவது என்றால் அள்ளுவதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்போம். பலகை ஒரு விரற்கடை ஆழமாக இறங்கினால் அடிமண் கலந்துவிடும், உப்பு கறுத்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். மேலாக ஓட்டினால் பாதி உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு அடியில், அதுவும் இருட்டில், உப்பு எங்கே முடிகிறது மண் எங்கே தொடங்குகிறது என்பதைக் கை உணர வேண்டும். இழுத்த உப்பை அங்கேயே, அதே உப்புத் தண்ணீரில் அலசிக் கழுவுகிறார்கள். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பு கரைந்து போகும். ஏற்கெனவே உப்பால் நிறைந்த தண்ணீர் மண்ணை மட்டும் கொண்டுபோகும், உப்பைக் கரைக்காது.

கழுவிய உப்பைப் பெண்கள் சட்டியில் வாங்கி, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு வரை கொண்டுவரவே இரண்டு கையும் நடுங்கின. அங்கே இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என் கையிலிருந்து அதை வாங்கி, சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டே பேசினார். "கனம் பழகிரும் தம்பி. கால்தான் பழகாது." அவர் பாதத்தைக் காட்டினார். விரலிடுக்குகள் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, விளிம்புகள் தடித்துப் போயிருந்தன. ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து இன்னும் மோசமாகிறது என்பதால், பழைய துணிக் காலுறையைப் போட்டு அதன்மேல் செருப்பைக் கட்டியிருந்தார்.

இந்த வேலையில் எத்தனை அறிவு அடங்கியிருக்கிறது என்பதைப் பாத்தியின் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். மழைக்காலம் முடிந்ததும் தேங்கிய நீரை வடித்து, படிந்த வண்டலை வெட்டி எடுத்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக வைக்கிறார்கள். தரை இறுகினால்தான் நீர் கீழே இறங்காது, பலகை ஓடும்போது மண்ணும் கிளம்பாது. பிறகு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள்தான் இருக்கின்றன. தூத்துக்குடி வட்டாரத்தில் பல உப்பளங்கள் நிலத்தடியிலிருந்து அதைவிடக் கரிப்பான நீரை மோட்டார் வைத்து இறைக்கின்றன. அந்த நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். வழியிலேயே ஜிப்சம் படிந்துவிடுகிறது. நீரின் அடர்த்தியை அளக்கும் கணக்கில் 25 டிகிரியை ஒட்டி உப்பு பூக்கத் தொடங்கும். கடல் நீர் அந்த நிலைக்கு வர, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். 29 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், உப்பு ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். அதற்குள் மிஞ்சிய நஞ்சோடைத் தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். டிகிரி பார்க்க மிதவைக் கருவி இருக்கிறது. ஆனால் நான் பார்த்த அண்ணாச்சி அதை எடுக்கவேயில்லை. தண்ணீரின் நிறத்தையும், ஓரத்தில் பூத்த பூவின் அளவையும் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்றார்.

அவர் சொல்லித் தந்த ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. விளைந்து நிற்கும் பாத்தியில் திடீரென்று மழை பெய்தால் எல்லாம் உடனே போய்விடாது. உப்புத் தண்ணீர் கனமானது, மழைத் தண்ணீர் லேசானது. காற்று அடிக்காமல் இருந்தால் மழை நீர் மேலே தனி அடுக்காக நிற்கும். அப்போது வரப்பின் மேல்மட்டத்தை மட்டும் மெல்ல வெட்டிவிட்டால், மேல்தண்ணீர் வடிந்து போகும், கீழே உப்புத் தண்ணீர் தப்பிவிடும். ஒரு சாண் அதிகமாக வெட்டினால் வாரக்கணக்கில் சுண்டவைத்த தண்ணீரும் சேர்ந்து ஓடிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மழை வந்தாலும் மண்வெட்டியோடு ஓடிவருவார்களாம். "மழையோட காத்தும் வந்துட்டுன்னா ஒண்ணும் செய்ய முடியாது தம்பி. ரெண்டு தண்ணியும் கலந்துரும். பெறவு மொதல்லேருந்துதான்."

முதலிலிருந்து தொடங்குவது இப்போது அடிக்கடி நடக்கிறது. தூத்துக்குடியில் உப்புக்காலம் என்பது பிப்ரவரி வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் மூடும். தலைமுறைகளாக எல்லாரும் இந்தக் கணக்கை வைத்துத்தான் கடன் வாங்கினார்கள், கல்யாணம் வைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டினார்கள். 2021 ஜனவரியில், பாத்தி சீராக்க வேண்டிய நேரத்தில், தென் மாவட்டங்களில் கனமழை கொட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்கு நெருக்கமாகப் பதிவாயிற்று. தாமிரபரணியிலும் காட்டாறுகளிலும் வந்த வெள்ளம் அளங்களுக்குள் புகுந்து, குவித்து வைத்திருந்த உப்பைக் கரைத்தது, வரப்புகளை அடித்துப்போனது, பாத்திகளில் சேற்றை நிரப்பியது. அந்தச் சேற்றை அள்ளி முடித்து உப்பு எடுக்கும் நேரத்தில், 2024 மே மாதத்தில் கோடை மழை. வருடத்தின் நல்ல விளைச்சல் மாதங்களில் ஒன்று இப்படி ஆட்டம் கண்டது.

இந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அளத்துக்காரருக்கும் அடி உண்டு, மறுக்கவில்லை. குத்தகைக்கு எடுத்துச் செய்யும் சிறு உற்பத்தியாளர் வட்டியில் மாட்டிக்கொள்கிறார். ஆனால் வரத்துக் குறைந்தால் உப்பின் விலை ஏறும். கையிருப்பு வைத்திருப்பவருக்கு அந்த ஏற்றம் ஓரளவு ஈடு தரும். நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தருவது குஜராத், அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே தட்டுப்பாடு வந்தால் வியாபாரி அங்கேயிருந்து வரவழைக்கலாம். தொழிலாளிக்கு ஏற்றமும் இல்லை, மாற்றுச் சரக்கும் இல்லை. அவருக்கு வேலை இருந்தால் கூலி, மழை பெய்தால் வீடு. விலை இரட்டிப்பானாலும் சட்டி சுமக்கும் அக்காவின் கூலி அன்றைக்கு ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. வெயிலை நம்பி நடக்கும் தொழிலில் அந்த வெயில் பொய்த்தால் வரும் நஷ்டம் கடைசியில் வந்து நிற்பது அவர் அடுப்படியில்தான்.

வெயிலும் பழைய வெயிலாக இல்லை. உப்பு விளைய வெயில் வேண்டும், வாருகிற உடம்புக்கு அதே வெயில் பகை. வெள்ளைப் பரப்பிலிருந்து திருப்பி அடிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. தமிழக உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்த ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதைக் கண்டார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, அளத்துக்குப் போனாலே தெரிகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, நிழலில்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. "தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணும்லா" என்று கூட இருந்த இளம்பெண் சொன்னாள். அவள் கொண்டுவந்த ஒரு லிட்டர் பாட்டில் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதும் பாதி நிறைந்தே இருந்தது.

தூத்துக்குடி தொழில் நகரமாக வளர்ந்த கதையும் இந்த அளங்களைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. 1974இல் பெரிய துறைமுகம் திறக்கப்பட்டது. 1979இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. உரம், ரசாயன ஆலைகளும் வந்தன. பின்னால் இன்னும் மின் நிலையங்கள். 2025இல் மின்சாரக் கார் தொழிற்சாலையும் வந்துவிட்டது. காற்று திரும்பும் நாட்களில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் பாத்தியில் படிவதாகத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். வெள்ளையை வைத்து விலை பேசும் பொருளில் லேசான கறுப்பு விழுந்தாலும் நஷ்டம். சாலையும் கிட்டங்கியும் பெருகப் பெருக, மழை நீர் கடலுக்குப் போன பழைய ஓடைகள் குறுகிவிட்டன, அந்த நீர் இப்போது அளத்துக்குள் வந்து நிற்கிறது என்று அண்ணாச்சி விரல் நீட்டிக் காட்டினார்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. அளத்தில் பேசிய எவரும் தன் பிள்ளை உப்பு வார வேண்டும் என்று விரும்பவில்லை. ஐடிஐ படித்த மகன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த அக்காவின் ஆசை, நியாயமான ஆசை. ஆனால் நாற்பத்தைந்து வயதில், படிப்பில்லாமல், வெடித்த காலோடு இருக்கும் அவருக்கு எந்தத் தொழிற்சாலையும் கதவு திறக்காது. குவியலை லாரியில் ஏற்றும் வேலையை ஏற்கெனவே ஜேசிபி எடுத்துக்கொண்டது. ஏற்றுக்கூலி என்று வந்த உபரி வருமானம் அதோடு நின்றுபோனது. புதிய தொழிலின் பலன் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பழைய தொழில் சுருங்குவதன் சுமையை இந்தத் தலைமுறைப் பெண்கள் சுமக்கிறார்கள். இரண்டையும் ஒரே வளர்ச்சிக் கணக்கில் கூட்டிக் கழிப்பது அநியாயம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அதுவரை எதுவுமே இல்லாத இடத்தில் அது ஒரு நல்ல தொடக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத மூன்று மாதத்துக்கு என்று அது கணக்கிடப்பட்டது. 92 நாட்களுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 54 ரூபாய் சொச்சம். தொகையின் போதாமை ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, மழை மூன்று மாதத்தோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் அந்தத் திட்டம் வகுக்கப்பட்டிருப்பது. ஜனவரி மழைக்கும் மே மழைக்கும் அதில் இடமில்லை. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. வெயில் அடித்து வேலையை நிறுத்த வேண்டிய நாளில் உப்பளத் தொழிலாளியின் கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பிலும் விடை இல்லை.

விடை எட்டாத தூரத்தில் இல்லை. எந்தத் தேதியில் எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, எத்தனை டிகிரி கொதித்தது என்பது அரசுக் கணக்கிலேயே பதிவாகிறது. குறித்த ஓர் அளவைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும், மாதம் எதுவாக இருந்தாலும், தொழிலாளியின் வங்கிக் கணக்கில் கூலியின் ஒரு பங்கு சேர வேண்டும். அதற்கான நிதியில் அரசோடு உப்பு வாங்கி விற்கும் நிறுவனங்களும், உப்பை மூலப்பொருளாகக் கொண்ட ரசாயன ஆலைகளும் பங்கு தர வேண்டும். மலிவான உப்பின் ஆதாயத்தை அனுபவிப்பவர்கள் அவர்கள்தான். அளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும், குறிப்பாகக் கங்காணியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் பெண்களின் பெயர், அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை மூன்றும் இல்லாத அளத்துக்குக் குத்தகை புதுப்பிக்கக் கூடாது. கிளம்பும்போது அந்த அக்காவிடம் அரசாங்கத்திடம் என்ன கேட்பீர்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை: "மழ பெஞ்ச நாளுக்கும் எங்க வீட்டுல பசிக்கும்லா தம்பி, அத மட்டும் கணக்குல எழுதச் சொல்லுங்க." இதைவிடக் குறைவாக ஒரு தொழிலாளி கேட்க முடியாது. இதைக்கூடத் தராமல் வளர்ச்சி என்று பேசும் உரிமை நம் யாருக்கும் கிடையாது.