பதவி முடிந்தது, பணி முடியவில்லை



நம் சபையில் ஓய்வுபெற்றவர்களின் வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் பேச்சு மூன்று காரியங்களைச் சுற்றியே அமைகிறது. முதலாவது உடல்நிலை. இரண்டாவது நாட்டு அரசியல். மூன்றாவது காரியம் எளிதில் வெளியே வருவதில்லை. ஜெபத்திற்காகத் தலை வணங்குவதற்குச் சற்று முன்பு, தயக்கத்தோடு வரும்: "ஐயா, இனி நான் எதற்காக இருக்கிறேன்?" பல்லாண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியரும், ஆயிரக்கணக்கான பிரசவங்களைக் கண்ட செவிலியரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஆகையால் இக்கேள்வியை நான் இப்போது பிறருடைய கேள்வியாக மட்டும் கேட்பதில்லை.

இம்மூன்று காரியங்களையும் ஒருங்கே சிந்திக்க, அண்மைக்காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவருடைய முதுமையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். அவருடைய ஆட்சியைப் பற்றி அவருடைய நாட்டினரே இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த வாதத்திற்குள் நான் செல்லவில்லை. அவர் பதவியை இழந்த பிறகு வாழ்ந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளே நமக்குப் பாடம்.

1980ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். 1981 ஜனவரியில் பதவியைவிட்டு இறங்கியபோது அவருக்கு வயது 56. ஏறத்தாழ என் வயதுதான். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற தம் சிற்றூருக்கு அவர் திரும்பினார். அங்கே குடும்பத்தின் நிலக்கடலை வியாபாரம் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. உலகமே பார்க்கத் தோற்ற ஒரு மனிதர், கடனோடு, ஊர்ப்பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டிராத ஓர் இடத்தில் மீண்டும் வாழத் தொடங்கினார். "இனி நான் எதற்காக?" என்று கேட்க அவருக்கும் எல்லா நியாயமும் இருந்தது.

அதற்கான விடையை அவர் தம் வீட்டிலேயே கண்டிருக்கக்கூடும். அவருடைய தாயார் லில்லியன் ஒரு செவிலியர், கணவரை இழந்தவர். தமது 68ஆம் வயதில் அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' என்ற தொண்டர் அமைப்பில் சேர்ந்து நம் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயை அடுத்த விக்ரோலியில் 1966 முதல் 1968 வரை எளிய மக்களுக்கு மருத்துவப் பணி செய்தார். பேரப்பிள்ளைகளோடு வீட்டில் அமர்ந்திருக்க வேண்டிய வயது என்று ஊரார் கருதும் வயதில், மொழி தெரியாத நாட்டில் நோயாளிகளின் புண்களைக் கழுவிய தாயின் மகன் அவர்.

1982இல் கார்ட்டரும் அவருடைய மனைவி ரோசலினும் கார்ட்டர் மையத்தை நிறுவினார்கள். அம்மையம் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று நரம்புச்சிலந்தி நோயை ஒழிப்பது. நம் முன்னோர் இந்த நோயை அறிவார்கள். மாசுபட்ட குளத்து நீரைக் குடிப்பவர்களின் உடலுக்குள் அந்தப் புழு ஏறத்தாழ ஓராண்டு வளரும். பின்னர் காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலை நீரில் நனைத்தால், புழு தன் குஞ்சுகளை அந்நீரிலேயே விட்டுவிடும். அந்த நீரைப் பிறர் குடிப்பார்கள். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கக் கற்பிப்பதும், புண் உள்ளவரை நீர்நிலைக்குள் இறங்காமல் காப்பதுமே வழி. 1986இல் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாதித்த அந்த நோய், 2023இல் உலகம் முழுவதிலும் 14 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. இதைப் பல அரசுகளும் எண்ணற்ற கிராமத் தொண்டர்களும் சேர்ந்து சாதித்தார்கள். ஆயினும், பதவியற்ற ஒரு முதியவர் அதிபர்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார் என்பதும் உண்மை.

பிரியமானவர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரம் கையிலிருந்தபோது ஒருவர் செய்ய இயலாததை, அது போன பிறகு பொறுமை செய்து முடிக்கிறது. பெருந்திட்டத்தைவிட, ஒரு துண்டு வடிதுணியை ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டு சேர்க்கும் விடாமுயற்சியே இங்கே பலன் தந்தது. ஓய்வுபெற்றவர்களிடம் மிகுதியாக உள்ள செல்வம் பொறுமையும் நேரமும் அல்லவா?

இனி உடல்நிலையைக் குறித்துச் சிந்திப்போம். கார்ட்டருடைய தந்தையும், உடன்பிறந்த மூவரும் கணையப் புற்றுநோயால் இறந்தார்கள். அவருக்கும் 2015இல், 90 வயதில், தோல் புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பது தெரியவந்தது. அதை அவரே ஊடகத்தார் முன் அமைதியாக அறிவித்தார். அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் தம் ஊர் மரனாதா பாப்திஸ்து சபையில் வேதபாட வகுப்பு நடத்தினார். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் புதிய மருந்தும் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் புற்றுநோயின் தடயம் இல்லை என்ற செய்தியையும் அந்த வகுப்பில்தான் முதலில் சொன்னார். சிகிச்சையை நாடுவது விசுவாசக்குறைவு என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர் ஜெபித்தார், மருந்தும் எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே கரத்திலிருந்து வந்தவை என்றே நானும் நம்புகிறேன்.

2019 அக்டோபரில், 95 வயதில், அவர் வீட்டில் தவறி விழுந்து நெற்றியில் தையல் போடப்பட்டது. அன்று மாலையே, கறுத்து வீங்கிய கண்ணோடு, ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியின் தொடக்க நிகழ்ச்சிக்கு நாஷ்வில் நகரில் வந்து நின்றார். 1984 முதல் ஆண்டுதோறும் தச்சரைப்போல் சுத்தியல் பிடித்து அவரும் ரோசலினும் அந்த வேலையைச் செய்துவந்தார்கள். 2006இல் நம் மகாராஷ்டிர மாநிலத்து லோனாவாலாவுக்கு அருகிலும் வந்து வீடுகள் கட்டினார்கள்.

ஆனால் 2023 பிப்ரவரியில், தொடர்ந்து மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிட்டு, வலி தணிக்கும் பராமரிப்பை மட்டும் பெற்றுக்கொண்டு வீட்டிலேயே இருப்பதாக அவர் முடிவு செய்தார். சில நாட்களே என்று பலர் எண்ணினார்கள். அவர் இருபத்திரண்டு மாதங்கள் வாழ்ந்தார்.

இதைப் படித்தபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு 81 வயதானபோது மருத்துவர் மற்றோர் அறுவைச் சிகிச்சையைச் செய்துபார்க்கலாம் என்றார். பலன் உறுதியில்லை என்றும் சொன்னார். பிள்ளைகள் நாங்கள் நால்வரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று எங்களுக்குள் விவாதித்தோம். "என்னையும் கேளுங்கள்" என்றார்கள் அம்மா. கேட்டோம். "வீட்டிற்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்கள். ஐந்து மாதங்கள் எங்களோடு இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு பழைய குறிப்பேட்டை மடியில் வைத்து, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்கள். சண்டையிட்டுப் பிரிந்த உறவினர் இருவரை வரவழைத்து ஒரே மேசையில் உண்ணச் செய்தார்கள். அந்த ஐந்து மாதங்களை மருத்துவம் தோற்ற காலம் என்று என்னால் சொல்ல இயலாது. எல்லாருக்கும் இதுவே வழி என்றும் நான் சொல்லவில்லை. இறுதிவரை சிகிச்சையைத் தொடர்வதும் தைரியமே. ஆனால் பெற்றோருடைய உடலைக் குறித்து முடிவெடுக்கும் பிள்ளைகளே, முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாவதாக, அரசியல். பதவியை இழந்த பிறகு கார்ட்டர் அரசியலை விட்டு விலகவில்லை. 1989இல் பனாமா நாட்டின் தேர்தலைப் பார்வையிடச் சென்று, அங்கே நடந்த மோசடியை வெளிப்படையாகக் கண்டித்தார். 2002இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். தம் நாட்டின் பிற்கால அதிபர்களையும் விமர்சித்தார்; அது முன்னாள் அதிபருக்கு அழகல்ல என்று கடிந்துகொண்டவர்களும் உண்டு. 2024 அக்டோபரில், நூறாம் பிறந்தநாள் கழிந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில், தம் வாக்கை அளித்தார்.

ஆயினும் அவர் சொன்ன ஒரு கருத்து என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. 2019இல், அதிபர் பதவிக்கு வயது வரம்பு இருக்க வேண்டும் என்று தாம் விரும்புவதாகவும், 80 வயதில் அந்தப் பொறுப்பைத் தம்மால் சுமந்திருக்க முடியாது என்றும் அவர் கூறினார். பேசிய வேளையில் அவருக்கு 95 வயது நிறைய இருந்தது. ஓயாமல் உழைத்துக்கொண்டுதான் இருந்தார். நாற்காலி வேறு, பணி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

வேதாகமத்தில் இரண்டு முதியவர்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலேபுக்கு 85 வயது. சமவெளியில் இளைப்பாறக் கேட்காமல், இன்னும் வெல்லப்படாத மலைநாட்டையே தனக்குத் தரும்படி அவன் யோசுவாவிடம் கேட்டான். கீலேயாத்தியனாகிய பர்சிலாவுக்கு 80 வயது. அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதுக்கும் அவனோடிருந்த ஜனத்திற்கும், மகனாயீமில் உணவும் படுக்கையும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். வென்றவர் யார் என்று தெரியாத நாளில் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்தான அரசியல் முடிவு. ஆனால் போர் முடிந்து, அரண்மனைக்கு வரும்படி ராஜா அழைத்தபோது அவன் மறுத்தான். தன் செவியும் நாவும் தளர்ந்துவிட்டதை மறைக்காமல் சொன்னான். தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பிவைத்தான். யோர்தான்வரை ராஜாவை வழியனுப்பிவிட்டு, முத்தம் பெற்று, தன் ஊருக்குத் திரும்பினான்.

நமக்குக் காலேபின் பெலன் பிடிக்கும். பர்சிலாவின் ஞானம் அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. சபைக் கமிட்டியிலும், பள்ளி நிர்வாகத்திலும், குடும்பச் சொத்திலும் இருபது ஆண்டுகளாக ஒரே கரம் சாவியைப் பிடித்திருப்பதை நாம் அறிவோம். மறுபக்கம், பதவி போன நாளிலேயே சபையையும் ஊரையும் மறந்து, தொலைக்காட்சிக்கு முன் கசப்போடு அமர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. பர்சிலா இவ்விரண்டையும் செய்யவில்லை. ஆபத்து நாளில் முன்வந்தான். சிறப்பு நாளில் இளையவனுக்கு இடம் விட்டான்.

ஆகவே பெரியவர்களே, அரசியலைக் குறித்து உங்களிடம் வேண்டுகிறேன். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று பிரசங்க பீடத்திலிருந்து நான் சொல்லமாட்டேன். ஆனால் தவறாமல் வாக்களியுங்கள். உங்கள் தெருவின் குடிநீரையும், அரசுப் பள்ளியின் கூரையையும் பற்றி மனு எழுத உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கைப்பேசியில் வரும் செய்தியை உண்மையா என்று ஆராயாமல் நூறு பேருக்கு அனுப்பாதிருங்கள். பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் ஒன்பதாம் கட்டளைக்கு வயது விலக்கு இல்லை. மாற்றுக் கருத்துள்ளவரைப் பகைவராக்காதிருங்கள். 1976இல் கார்ட்டர் தோற்கடித்த ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 2025 ஜனவரியில் நடந்த கார்ட்டரின் அடக்க ஆராதனையில், முன்பே மறைந்துவிட்ட ஃபோர்டு எழுதிவைத்திருந்த இரங்கலுரையை அவருடைய மகன் வாசித்தார்.

இவையெல்லாம் வசதியுள்ள ஒரு முன்னாள் அதிபருக்குக் கூடும், எனக்கு எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முழங்கால் வலியோடு மூன்று பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்களும், முதியோர் உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடுபவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள்மேல் இன்னொரு சுமையை வைக்க நான் எழுதவில்லை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்த விதவையாகிய அன்னாளிடம் எந்த மையமும் நிறுவனமும் இல்லை. ஆயினும் குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்குக் காத்திருந்த அனைவருக்கும் அவரைக் குறித்துச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை ஒன்றை முடித்துவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் சாவிகளில் எதை, எந்த இளையவருக்குக் கொடுக்கலாம் என்று ஜெபத்தோடு எண்ணி, அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். உங்களால் இன்னும் செய்யக்கூடிய சிறிய பணி ஒன்றை என்னிடம் வந்து சொல்லுங்கள். மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படும் பிள்ளைகள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல ஒருவரும் இல்லாத முதியோரும் இருக்கிறார்கள்.

எங்கள் நாட்களை எண்ணுகிற ஆண்டவரே, காலேபின் வாஞ்சையையும் பர்சிலாவின் தாழ்மையையும் எங்கள் முதியோருக்குத் தாரும். அவர்களுடைய சொல்லைக் கேட்கும் செவியை எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும். ஆமென்.

உங்கள் ஊழியத் தோழன்,
போதகர்