பாகூருக்கு மேலே 20 கிலோமீட்டர்!

'நீங்கள் தொடர்பு கொள்ள விரும்பும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்...'

இந்தக் குரலை ஒரே நாளில் எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? நான் நாற்பது தடவைக்கு மேல் கேட்டேன். 2024 டிசம்பர் 2. எல்லைக்கு வெளியே இருந்தவர், எங்க ஆயா. பாகூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம். ஆயா அதிகபட்சம் பாகூர் கடைத்தெரு வரைக்கும் போவாங்க. அவ்வளவுதான் அவங்க எல்லை!

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. 'அப்பாடா, ஓய்ஞ்சுது'னு மூச்சு விடறதுக்குள்ள, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணி தென்பெண்ணை வழியா வந்து பாகூர் கிராமங்களைச் சூழ்ந்தது. கரன்ட் கட். டவரும் கட். ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்னு ரீடயல் அமுக்கினதுதான் மிச்சம்.

தண்ணி வடிஞ்சதும் ஓடினேன். ஸ்கூல் வராண்டாவில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, கிழவி இருக்காளா போயிட்டாளான்னு ஒரு போன் போடக் கூடாது?"

நான் ஈ.சி.இ. மாணவன். செமினார் தலைப்பு அந்த வராண்டாவிலேயே முடிவாயிடுச்சு: 'ஹாப்ஸ்'. தரையிலிருந்து சுமார் 20 கி.மீ. உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியரில், சோலார் இறக்கை வெச்ச ஆளில்லா விமானத்தையோ பலூனையோ மாசக்கணக்கில் சுத்த விடறது. அதுதான் டவர்! பகலில் வெயிலில் சார்ஜ் ஏறும், ராத்திரி பேட்டரியில் ஓடும். மேகமும் மழையும் அதுக்குக் கீழே. நாங்க சூரியனையே பார்க்காத அந்த நாட்களிலும், பாகூருக்கு நேர் மேலே அங்கே வெயில் அடிச்சிருக்கும். நினைச்சப்போ வயிறு எரிஞ்சுது பாஸ்!

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 'லூன்' பலூன்கள் இதைச் செஞ்சே காட்டின. 2017-ல் பெருவில் வெள்ளம், போர்ட்டோ ரிக்கோவில் புயல். ரெண்டு இடத்திலும் சாதாரண செல்போனுக்கே சிக்னல் கொடுத்தாங்க. ஆனா செலவு கட்டுப்படியாகாம 2021-ல் கடையைக் கட்டிட்டாங்க. ஏர்பஸ்ஸின் 'ஜெஃபைர்' 2022-ல் 64 நாள் இறங்காமல் பறந்தது. இறக்கை 25 மீட்டர், எடை வெறும் 75 கிலோ. நம்ம பெங்களூரு என்.ஏ.எல். 2024 பிப்ரவரியில் ஒரு சின்ன மாடலை எட்டரை மணி நேரம் பறக்கவிட்டது, 3 கி.மீ. உயரத்தில். இன்னும் ஏறணும்.

ஒரு வில்லங்கமும் இருக்கு. இவ்வளவு லேசான இறக்கையைப் புயல் காத்தில் ஏத்த முடியாது. புயலுக்கு முன்னாடியே அது மேலே இருக்கணும். பெருவில் சீக்கிரம் சிக்னல் வந்ததே, லூன் ஆளுங்க அங்கே ஏற்கெனவே சோதனை நடத்திக்கிட்டு இருந்ததால்தான்.

வில்லியனூர் மாமாகிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "இதெல்லாம் எங்க ஊர்ல 98-லயே பார்த்தாச்சு மாப்ள!"

உண்மைதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமா வெச்சுக் கிராமத் தகவல் மையங்கள் ஆரம்பிச்சது. போன் லைன் சரியில்லாத ஊருக்கு வி.ஹெச்.எஃப். ரேடியோ. கரன்ட் போனால் சோலார். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, கடலில் அலை எவ்வளவு உயரம்னு ஸ்பீக்கரில் சொல்வாங்க. 2004 சுனாமி அன்னிக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருத்தர் டி.வி. பார்த்துப் பதறி ஊருக்குப் போன் போட்டார். தகவல் மைய ஸ்பீக்கரில் உடனே அறிவிப்பு. 3,500 பேருக்கு மேல் இருந்த ஊர் ஓடித் தப்பிச்சது. ஒரே ஒரு போன் கால்! அன்னிக்கு அந்த லைன் கிடைக்காம போயிருந்தா?

செமினாரில் கைதட்டல் வாங்கின தெம்போட ஆயாவுக்கும் எல்லாத்தையும் விளக்கினேன். வெத்தலையை மென்னுக்கிட்டே பொறுமையா கேட்டாங்க.

"அது பாட்டுக்கு மேலே நிக்கட்டும்டா. கரன்ட் இல்லாதப்போ என் போனுக்கு யாரு சார்ஜ் போடுவா?"

ஹெச்.ஓ.டி.கூட கேட்காத கேள்வி! அந்த வாரமே ஒரு சோலார் சார்ஜர் வாங்கிக் கொடுத்தேன். இப்போ ஆயா வீட்டு மாடியில், வத்தலோட வத்தலா அதுவும் காயுது.