வாப்பாவின் காதும் ஒரு வாட்டர் பம்பும்

தங்கள் வீட்டு முற்றத்தில் கார் நிற்கும் இடத்தில், ஒரு நாள் காலை உள்ளங்கையளவு ஈரத்திட்டு தென்பட்டால் தாங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் கிணற்று நீரை நிரப்பி டிக்கியில் வைத்துக்கொண்டேன். ரேடியேட்டரில் நீர் குறையும்போதெல்லாம் ஊற்றினேன். 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கிய இவ்வழக்கம் மே மாதம் வரை நீடித்தது. அதற்குள் உள்ளங்கையளவு ஈரம் சோற்றுத் தட்டளவாயிற்று. நானும் ஐந்து லிட்டர் கேனைப் பத்து லிட்டராக மாற்றினேனே தவிர, எங்கிருந்து கசிகிறது என்று குனிந்து பார்த்தேனில்லை.

வண்டி என் வாப்பாவுடையது. 1985 ஆம் ஆண்டின் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014 ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றுபோகும் வரை நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அந்த வண்டியைப் பற்றி மூத்த வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் காயல்பட்டினத்தில் கலியாணம், பிரசவம், விமான நிலையத்துக்கு வழியனுப்பு என அனைத்துக்கும் ஒரு காலத்தில் அதுவே வாகனம். என்னை முதன்முதலாக வளைகுடாவுக்கு வழியனுப்பியதும் இதே வண்டிதான். அங்கே இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் விதவிதமான கார்களை ஓட்டினேன்; ஒன்றன் பானெட்டையேனும் திறந்து பார்த்ததில்லை. கோளாறு என்றால் நிறுவனத்தார் எடுத்துச் செல்வார்கள், சரிசெய்து கொண்டுவந்து விடுவார்கள். ஊர் திரும்பியபோது எனக்கிருந்த வாகன அறிவு அவ்வளவே.

வாப்பாவுக்கு அப்போது வயது எண்பத்தொன்று. இரு கண்களிலும் புரை. காதும் மந்தம், வாசல் மணி அடித்தால் கேட்காது, உம்மா தோளைத் தொட்டுத்தான் சொல்லவேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு நாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். நீளமான திருப்புளி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அதன் முனையை வாட்டர் பம்பின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். (சுழலும் விசிறிக்கு அருகில் இது ஆபத்தான காரியம், தோளில் துண்டோடு எவரும் முயலவேண்டாம்.) பிறகு நிமிர்ந்து, “பம்பு பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, மாற்றிவிடு” என்றார்கள்.

நான் சிரித்துவிட்டேன். வாசல் மணி கேளாதவருக்குப் பேரிங் ஓசை கேட்டதாம்! சிரித்ததை அவர்கள் கண்டார்களோ இல்லையோ, உம்மா கண்டார்கள். ஓசை காற்று வழியே காதுக்குள் செல்வதில்தான் வாப்பாவுக்குத் தடை என்பதும், எலும்பு வழியே செல்லும் அதிர்வை உட்செவி நன்றாகவே உணர்கிறது என்பதும் பின்னர் காது மருத்துவர் விளக்கித்தான் எனக்குத் தெரியும்.

மே மாதத்தில் வாப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டோம். உம்மாவும் உடன் வந்தார்கள். குரும்பூரைத் தாண்டிச் சில நிமிடங்கள் சென்றிருப்போம். கிறீச்சென்ற ஓசை எழுந்தது. வெப்பமானியின் முள் மேலேறிச் சாய்ந்தது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை கிளம்பியது. ஓரங்கட்டினேன். டிக்கியிலிருந்த கேன் நினைவுக்கு வந்தது. ஊற்றினால் ஊர் போய்ச் சேரலாம் என்ற ஒரே எண்ணத்தில் ரேடியேட்டர் மூடியின் மேல் துண்டைப் போட்டுத் திருகினேன். வாப்பா பின்னிருக்கையிலிருந்து கத்தியது காதில் விழுந்தது. ஆனால் கை திருகிவிட்டது.

வாசகர்களே, இந்த ஒன்றை மட்டும் தங்கள் வீட்டில் கார் ஓட்டும் அனைவருக்கும் சொல்லிவையுங்கள். மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்த அழுத்தத்தால் நீர் நூறு பாகையைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி நெகிழ்ந்த கணமே அழுத்தம் நீங்கி, அவ்வளவும் ஒருசேரக் கொதித்துப் பீறிட்டெழும். துண்டு தடுக்காது. என் வலது முன்கையில் முழங்கை வரை பட்டது. முகத்தில் படாதது நான் சற்றே விலகி நின்றதால்தான்.

சாலையோரக் கடைக்காரர் ஓடிவந்தார், நல்ல மனிதர், கையில் பற்பசை. உம்மா எண்ணெய் தேடினார்கள். வாப்பா இருவரையும் விலக்கிவிட்டு, டிக்கியிலிருந்த கேனை எடுத்து, என் கையின் மேல் நீரை மெல்ல மெல்ல ஊற்றத் தொடங்கினார்கள். கேன் தீர்ந்ததும் கடைக்காரரின் குடத்து நீர். இருபது நிமிடங்கள் இருக்கும். வெந்த இடத்துக்கு முதல் மருந்து குளிர்ந்த நீர்தான், பற்பசையும் எண்ணெயும் பனிக்கட்டியும் கூடாது என்று அன்று மாலை கட்டுப்போட்ட மருத்துவரும் சொன்னார். எஞ்சினுக்கென்று மூன்று மாதங்களாக நான் சுமந்த நீர் கடைசியில் என் கைக்குத்தான் பயன்பட்டது.

உறவினர் ஒருவரின் லோடு வேனில் கயிறு கட்டி வண்டியை வீடு சேர்த்தோம். கை ஆறிய பின் ஜூன் மாதத்தில் ஒரு பணிமனையில் விசாரித்தேன். இந்தப் பழைய வண்டியைத் தொடும் ஆள் இப்போது தம்மிடம் இல்லை என்றார்கள். விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன். வாப்பாவோ, “இதற்கு எதற்குக் கடை? நீ கை வை, நான் சொல்கிறேன்” என்று முற்றத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டார்கள்.

இந்த வண்டியில் வாட்டர் பம்பு எஞ்சினின் முகப்பில் இருக்கிறது. பெல்ட் அதனைச் சுழற்ற, உள்ளிருக்கும் சிறு இறக்கைச் சக்கரம் நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்குமிடையே ஓயாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். விசிறியும் அதே தண்டில்தான். ஆகவே பேரிங் மிகவும் தேய்ந்தால் விசிறி தள்ளாடி ரேடியேட்டரையே கிழித்துவிடக்கூடும்.

எஞ்சின் முற்றிலும் ஆறியிருந்த அதிகாலையில் தொடங்கினோம். பாட்டரி இணைப்பை நீக்கினேன். அகலமான பாத்திரத்தில் நீரை வடித்தேன்; அதை உடனே மூடிவைக்கச் சொன்னார்கள். கூலன்ட் கலந்த நீர் இனிக்கும், ஆனால் நஞ்சு. பூனை நக்கினாலும் உயிர் போய்விடும், குழந்தைகளுக்கும் அப்படியே. ஹோஸ்களைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்ததும் கைக்கு இடம் கிடைத்தது. டைனமோவைத் தளர்த்த, பெல்ட் வந்தது. விசிறியும் கப்பியும் வந்தன.

பம்பின் போல்ட்டுகளுக்கு வந்தபோது வாப்பா ஓர் அட்டையில் பம்பின் உருவத்தைத் தடவித் தடவி வரைந்தார்கள். எந்த போல்ட்டை எங்கிருந்து எடுத்தேனோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வைக்கவேண்டும். நீளம் மாறினால் பூட்டும்போது வினை என்றார்கள்.

கீழே ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனரில் நீண்ட குழாயை மாட்டி இழுக்கப் போனேன். வாப்பா என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தலை ஒடிந்து தண்டு உள்ளே நின்றுவிட்டால் துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டும். அது வீட்டில் ஆகிற வேலையன்று. துரு நீக்கும் எண்ணெயை விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, “நாளைக்குப் பார்ப்போம்” என்று எழுந்து போய்விட்டார்கள். எனக்கு எரிச்சல் தாளவில்லை. ஒரு போல்ட்டுக்காக ஒரு நாளா? மறுநாள் காலையில் முதலில் சற்றே இறுக்கும் திசையில் அசைக்கச் சொன்னார்கள். பிறகு தளர்த்தும் திசையில். முனகிக்கொண்டே கழன்றது.

பம்பு கைக்கு வந்ததும் வாப்பா அதை மடியில் வைத்துத் தண்டை விரல்களால் ஆட்டினார்கள். கடகடவென்று ஆடியது. உடலின் அடியில் ஒரு சிறு துளையைக் காட்டி என் விரலை அதில் வைத்தார்கள். நீரைத் தடுக்கும் சீல் கெட்டுவிட்டால், கசியும் நீர் பேரிங்கை எட்டுமுன் வெளியேறட்டும் என்றே வைக்கப்பட்ட துளை அது. முற்றத்து ஈரம் அதன் வழியேதான் சொட்டியிருக்கிறது. சிலர் அதை அடைத்துவிடுவதும் உண்டாம்.

பம்பு இருந்த இடத்தில் செங்காவி நிறத்தில் சேறு. கடலோர ஊரின் உவர் நீர், துருவைத் தடுக்கும் கூலன்ட் ஏதுமின்றி, மூன்று மாதங்கள்! துருத்துகள்கள் சீலையும் அரித்திருக்கும். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்த நீர் வரும்வரை ஹோஸ் பிடித்து அலசச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

புதுப் பம்பு வாங்கத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனேன். கடைக்காரர் முதலில் தந்தது 1990களில் வந்த இசுஸு எஞ்சின் அம்பாசடருக்குரியது. பழைய பம்பைக் கையோடு கொண்டுபோனதால் துளைகளை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்ப முடிந்தது. கேஸ்கெட்டும் பெல்ட்டும் புதிதாகவே வாங்கினேன்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதுதான் பொறுமையைச் சோதித்த வேலை. ஒட்டியிருக்கும் துணுக்கு எதுவும் மிஞ்சக்கூடாது, உலோகத்தில் கீறலும் விழக்கூடாது. நான் முடிந்தது என்று சொன்ன பிறகு வாப்பா விரல் நுனியால் வளையம் முழுவதும் தடவி மூன்று இடங்களைக் காட்டினார்கள். எனக்குத் தெளிவான கண்கள் இருந்தும் அந்த மூன்றும் தெரிந்திருக்கவில்லை. போல்ட்டுகளை ஒன்றைவிட்டு ஒன்றாக, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது சுமார் 13 மி.மீ., அமிழவேண்டும். அதிகம் இறுக்கினால் புதுப் பேரிங்கும் விரைவில் தேயும்.

வாலை வடிநீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். குளிர்ந்த எஞ்சின் ஆதலால் மூடியைத் திறந்தே வைத்து முடுக்கினேன். காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. நீர்மட்டம் இறங்க இறங்க மேலும் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் மேல் ஹோஸ் சுட்டது. நீர் சுற்றத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மூடினோம். வடியவில்லை.

மறுநாள் முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்தினேன். தாள் உலர்ந்தே இருந்தது. அந்த வாரமே அதே வண்டியில் கண் மருத்துவரிடமும் சென்று வந்தோம். கேனை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு வாப்பா சம்மதிக்கவில்லை. வழியில் எவருக்கேனும் பயன்படும் என்றார்கள். அது இன்றும் டிக்கியில்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிய அன்று மாலை, எஞ்சினை நிறுத்துமுன் திருப்புளியைக் கேட்டார்கள். கொடுத்தேன். பம்பில் வைத்துக் கேட்டார்கள், தலையசைத்தார்கள். பிறகு முனையைப் பக்கத்திலிருந்த டைனமோவுக்கு நகர்த்தி வெகுநேரம் நின்றார்கள்.

“பின்பக்கத்து புஷ் தேயத் தொடங்கியிருக்கிறது” என்றார்கள்.

மறுநாள் காலை பேருந்தில் திருநெல்வேலிக்குப் போய் புஷ் வாங்கி வந்தேன்.