முருங்கைக் கிளையும் எங்க வீட்டு பால்கனியும்

போளூர்ல எங்க வீட்டு மாடிக்கு கான்கிரீட் போடுற நாள். நான் அப்போ சிவில் மூணாம் வருஷம், லீவு போட்டுட்டு வந்திருந்தேன். கலவை மெஷின் ரெடி. அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக்கிட்டிருந்தாங்க. சும்மா மேல ஏறிப் பார்த்தவனுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஜவ்வாது மலை தெரியணும்னு அப்பா ஆசைப்பட்டு நீட்டச் சொன்ன 4 அடி பால்கனி. அதைத் தாங்குற ரெண்டு பீம்லயும் கீழே மூணு தடிக் கம்பி, மேலே ரெண்டு ஒல்லிக் கம்பி. மத்த பீம் மாதிரியே கட்டி வெச்சிருந்தாங்க!

கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும். இழுத்தா விரிசல் விட்டுடும். இழுவையைத் தாங்குற பலம், அமுக்கத்தைத் தாங்குறதுல சுமாரா பத்துல ஒரு பங்குதான். கருங்கல்லும் இதே ரகம். கோயில் மண்டபத்துல தூணை அவ்ளோ நெருக்கமா நட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு பக்கமும் சுவர்மேல உட்கார்ற பீம் நடுவுல தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். அதனால கம்பி கீழே. பல தூணைத் தாண்டி ஓடுற தொடர் பீமுக்கு நடுவுல கீழே, தூண்கிட்ட மேலே. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல நீட்டுற கான்டிலீவருக்கு எல்லாமே தலைகீழ். முருங்கைக் கிளை நுனியில தொங்கிப் பாருங்க (வேணாம், கற்பனையே போதும்). அடிமரத்துகிட்ட, மேல்பக்கம்தான் முதல்ல பிளக்கும்.

"மேஸ்திரி அண்ணே, நிறுத்துங்க!"

அப்பா முகம் சுருங்கிப் போச்சு. அன்னிக்குக் கூலி, மெஷின் வாடகை எல்லாம் கடன் காசு. "இருபது வருஷமா கட்டுறேன் தம்பி"ன்னார் மேஸ்திரி. முருங்கைக் கதையைச் சொன்னேன். பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தார்.

"சரி, கூட்டைத் திருப்பிப் போட்டுடலாமா?"

"போடுங்கண்ணே"ன்னேன், கெத்தா.

"இதே பீம்தானே வீட்டுக்குள்ள 12 அடி போகுது? அங்க கீழே கம்பி வேணாமா?"

அசடு வழிஞ்சேன். செமஸ்டர் கணக்குல கான்டிலீவர் சுவரோட முடிஞ்சிடும். வீட்டுல முடியாதே! கடைசியில கீழ்க்கம்பியை அப்படியே விட்டுட்டு, மேலே மூணு தடிக் கம்பி சேர்த்து, வெளியே நீட்டினதைவிட அதிகமா உள்ளேயும் ஓட விட்டோம். மத்தியானத்துக்கு மேலதான் மெஷின் ஓடுச்சு.

நல்லவேளை, ஆழம் சரியா இருந்தது. ஐ.எஸ். 456:2000 சொல்ற ஆரம்பக் கணக்குப்படி, ரெண்டு பக்கம் உட்கார்ற பீமுக்கு நீளத்துல 20ல ஒரு பங்கு, தொடர் பீமுக்கு 26ல ஒரு பங்கு, கான்டிலீவருக்கு 7ல ஒரு பங்கு ஆழம் வேணும். 4 அடிக்கு ஏறக்குறைய 7 அங்குலம். எங்களது 12.

14 நாள் ஆகிறவரை முட்டைப் பிரிக்க விடலை. பிரிச்சப்பவும் நுனியில ஆரம்பிச்சு உள்நோக்கி. உள்ளே முதல்ல பிரிச்சா, நுனி முட்டுமேல உட்கார்ந்துக்கிட்டு அது சாதா பீம் மாதிரி வளையப் பார்க்கும். இதை மேஸ்திரியே சித்தாளுக்கு விளக்கினார், முருங்கைக் கிளையை வெச்சே!

போன மாசம் கலசபாக்கத்துல இருந்து அவர் போன். "தம்பி, இங்க 5 அடி நீட்டச் சொல்றாங்க. மேலே எத்தனை கம்பி?"

"ஆழம் எவ்வளவுண்ணே? உள்ளே எவ்வளவு தூரம் போகுது?"

"அதைத்தான் நீ முதல்ல கேக்குறியான்னு பார்த்தேன்"னு சிரிச்சார்.