நம் கை செய்த முதல் நாற்காலி

உபதேசியார் விழுந்தது 2022-ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில். நாற்காலியில் அமரும்போது அவர் விழவில்லை, எழும்போது விழுந்தார். அகவை 82, இரு முழங்கால்களும் தேய்ந்தவர். ஒரு பக்கக் கைப்பிடியில் ஊன்றி எழ முயன்றிருக்கிறார். அது பிளாஸ்டிக் நாற்காலி, கனமற்றது. ஊன்றிய பக்கமே சாய்ந்து, ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கிற்று. இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. அந்த நாற்காலியை அவருக்கு அனுப்பியவர் நாமே. உட்கார ஏதோ ஒன்று இருந்தால் போதாதா என்று எண்ணி, பங்கு மண்டபத்திற்கென மொத்தமாக வாங்கியவற்றுள் ஒன்றை எடுத்துக் கொடுத்தனுப்பினோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பங்கில் ஞானோபதேசம் கற்பித்தவர் அவர். குருக்கள் பலர் வந்தார்கள், மாறிச் சென்றார்கள். ஒவ்வொருவரும் பங்கு இல்லத்துப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்க, அவர் கதவோரம் நின்றே பேசினார். நம் காலத்திலும் அவ்வாறே. "அமருங்கள், உபதேசியாரே" என்று நாம் சொல்லாமலில்லை. "இருக்கட்டும், சாமி" என்பார். நாமும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

அவருக்கு நல்ல மர நாற்காலி ஒன்றை விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம். விலைக்கு வாங்கிக் கொடுத்ததில்தான் பிழை நேர்ந்தது. மறுபடியும் அவ்வழியே அதைத் தீர்த்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆண்டுதோறும் மே 1-ஆம் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறோம், உளியைத் தொட்டதில்லை. ஊர் ஆசாரியாரிடம் நம் எண்ணத்தைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல் வேலைக்கு முக்காலி செய்வார்கள், மணைப்பலகை செய்வார்கள். சாமி எடுத்த எடுப்பில் கைவைத்த நாற்காலிக்குப் போகிறீர்களே!" என்றார்.

மேசையைவிட நாற்காலி கடினமான வேலை என்பதை அன்றுதான் அறிந்தோம். மேசை தன்மேல் வைத்ததைச் சுமந்து நிற்கும், அவ்வளவே. நாற்காலியில் மனிதன் சும்மா இருப்பதில்லை. பின்னே சாய்கிறான், முன்னே குனிகிறான், ஒருக்களிக்கிறான். சில வேளை முன்கால்கள் தரையை விட்டெழப் பின்கால்களிலே ஆடுகிறான். அந்த இழுபறியெல்லாம் பக்கச் சட்டம் பின்காலோடு சேரும் மூட்டில்தான் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு இருக்கை முன்னே அகன்றும் பின்னே குறுகியும் இருக்கவேண்டும். ஆகவே மூலைமட்டம் வைத்து நேர்கோணமாக அறுத்துவிட்டால் ஆயிற்று என்று இருந்துவிட முடியாது.

மரத்தைத் தொடுமுன் ஆசாரியார் அளவுநாடாவுடன் உபதேசியார் வீட்டுக்கு நடந்தார். அவரைத் திண்ணையில் அமர்த்தி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார்: 16½ அங்குலம். நாற்காலியின் இருக்கை 17 அங்குல உயரத்தில் இருப்பது வழக்கம். இவருக்கு 18 வைப்போம் என்றார். பிரம்பு சற்றுத் தொய்யும். அதன் பிறகும் இருக்கை கொஞ்சம் உயர்ந்திருந்தால் எழுவது எளிது. கைகள் இருக்கைக்கு மேல் 8½ அங்குலம். அவற்றின் நுனி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும்படி உருண்டிருக்கவேண்டும். முன்கால்கள் இரண்டையும் கீழே இணைக்கும் குறுக்குச் சட்டம் வேண்டாம் என்றார். எழுகிறவர் குதிகாலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டுதான் எழுவார். அங்கே சட்டம் இருந்தால் இடிக்கும். பக்கச் சட்டங்களை நடுவில் ஒரு சட்டத்தால் பிணைத்தால் போதும். நாம் உடனே எழுந்து பார்த்தோம், உண்மைதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் எழுகிறோம், இதைக் கவனித்ததில்லை. வாசகர்களும் இவ்விதழைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை எழுந்து பார்க்கலாம்.

மரம் பங்கு இல்லத்திலேயே கிடைத்தது. பழைய சமையற்கட்டை இடித்தபோது கழற்றிய தேக்கு நிலைச்சட்டங்கள் தாழ்வாரத்தில் கிடந்தன. பல்லாண்டு காய்ந்தவை. பச்சை மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை; அகலத்திலும் கனத்திலும்தான் சுருங்கும். அப்போது பொருத்து தளர்ந்து நாற்காலி முனகத் தொடங்கும். இந்த மரத்தில் அவ்வச்சம் இல்லை. ஆனால் தேக்கினுள் மணலின் இனமான சிலிக்கா உண்டு. அது உளியின் முனையை விரைவில் மழுக்கிவிடும். முதல் வாரத்தில் நாம் செய்த வேலை பெரும்பாலும் உளி தீட்டியதே. மரத்துக்குள் மறைந்திருந்த பழைய ஆணியொன்று இழைப்புளியின் தகட்டையும் பல் போக்கிற்று. ஆசாரியார் அந்த ஆணியை நெடுநேரம் திட்டினார். நம்மைத் திட்ட முடியாமையால் என்று நினைக்கிறோம்.

பின்காலில்தான் நாம் தலைகுனிந்தோம். பின்கால் நேரான சட்டமன்று. இருக்கைக்கு மேலே முதுகு சாய இடம் கொடுத்து வளைவது. ஆசாரியார் கோடு வரைந்து கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். இன்னும் சற்று வளைந்தால் அழகாயிருக்குமே என்று நாமாகக் கோட்டை மாற்றி, ஒரு பிற்பகல் முழுவதும் அறுத்து இழைத்து, உப்புத்தாள் தேய்த்து வைத்தோம். நம் கண்ணுக்கு அது மிக நேர்த்தியாயிருந்தது. மாலையில் வந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மரத்தின் இழை ஓடும் திசையை விரலால் தொடர்ந்தார். வளைவின் நடுவில் விரல் நின்றது. "சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று சொல்லி, காலின் இரு நுனிகளையும் இரு செங்கற்களின்மேல் வைத்து நடுவில் மிதித்தார். முருங்கைக் கிளைபோல் ஒடிந்தது.

இழை நீளவாக்கில் தொடர்ந்து ஓடாமல் அவ்வளைவில் குறுக்கே வெட்டுப்பட்டிருந்ததாம். "உபதேசியார் சாய்ந்திருக்கும்போது ஒடியவேண்டியது இது" என்றார். நமக்குச் சினம் வந்தது, மறைப்பானேன்? அன்றிரவு உணவு இறங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை அனுப்பிய நாளில் நாற்காலியைத்தான் நினைத்தோம், அதில் அமரப்போகிறவரை நினைக்கவில்லை. உளியும் வாளும் ஏந்தி இத்தனை நாள் வியர்த்தபின்னும் அதையே செய்திருந்தோம்.

அடுத்த காலைக் கோட்டின்மேலேயே அறுத்தோம். கழுந்துகளுக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்து. அது காலின் துளைக்குள் இறங்கும். அதன் இருபுறத் தோள்களும் காலோடு ஒட்டி நிற்கவேண்டும். இரும்பாணி கிடையாது. பசையிட்டு, மூட்டுக்கு ஒரு மூங்கில் ஆணி. கழுந்திலுள்ள ஆணித்துளையைத் தோள்பக்கமாக மயிரிழை தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்கச் சட்டத்தைக் காலுக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் மூட்டு அவ்வாறு கண்ணெதிரே இறுகியபோது, பள்ளிப் பிள்ளைகள்போல் மணியடித்து ஊரைக் கூட்டத் தோன்றிற்று.

பிரம்பு பின்னப் பட்டணத்திலிருந்து பார்வையற்ற அன்பர் ஒருவர் வந்தார். ஊறவைத்த பிரம்புநாரை நெடுக்கிலும் குறுக்கிலும் இருமுறை, பின்னர் மூலைவாட்டில் இருபுறமும் இழுத்துப் பின்னவேண்டும். தொடங்குமுன் சட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தவர், "இடப்பக்கம் ஒரு நூல் உயர்ந்திருக்கிறதே, சாமி" என்றார். ஆசாரியாரும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இழைப்புளி மறுபடியும் வெளியே வந்தது.

2023 ஆவணியில் நாற்காலியை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றோம். பங்கு இல்லத்துத் தரையில் மலைபோல் நின்றது அவர் வீட்டில் கிடுகிடுவென்று ஆடிற்று. நமக்கு வியர்த்தது. ஆசாரியார் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை நடுவில் குழிந்திருந்தது. சாளரத்தோரம் நகர்த்தியதும் ஆட்டம் நின்றது.

உபதேசியார் நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார். "சாமி முதலில் உட்காருங்கள்" என்றார்.

"இருக்கட்டும், உபதேசியாரே" என்றோம்.

அவர் அமர்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரு கைநுனிகளையும் பற்றி, குதிகால்களை உள்ளே இழுத்து, ஊன்றி எழுந்தார். நின்று நம்மைப் பார்த்துவிட்டு மறுபடியும் அமர்ந்தார்; மறுபடியும் எழுந்தார். அவருடைய மகள் அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்தாள். ஆசாரியார் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியின் பின்னே குந்தி, உபதேசியார் அமரும்போதும் எழும்போதும் அந்தப் பின்கால் மூட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.